பதிவேட்டில் ஒரு பெயர்

போர்ட் கிள்ளான்காரர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமாதான். இரவு ஒன்பது மணிக்கு அங்கே வார்டில் ஆள் மாறும். புதிதாக வருகிறவர் யாரானாலும் நமக்கு 'மிஸி'. அவர் கையை நம்பி நரம்பை நீட்டுகிறோம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது. அதற்குப் பின்னால் பெரிய சண்டையே இருக்கிறது.

24 வயதில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் மேட்ரனானவர் எத்தல் ஃபென்விக். 1887இல் பிரிட்டிஷ் தாதியர் சங்கத்தைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் தன்னைத் தாதி என்று சொல்லிக்கொள்ளக்கூடிய காலம் அது. முறையான பயிற்சி, அதன்பின் பதிவு: இதுதான் சங்கத்தின் கோரிக்கை. எதிர்த்து நின்றவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல்! நல்ல குணத்தைத் தேர்வு வைத்து அளக்க முடியாது என்றார். நியாயமான கவலைதான். ஆனாலும் என் மனம் ஃபென்விக் பக்கமே சாய்கிறது. குணத்தை மட்டும் சொல்லி வேலை வாங்கும் இடத்தில், கூடுதல் சம்பளம் கேட்பதே குணக்கேடாகிவிடும்.

1899இல் அனைத்துலகத் தாதியர் மன்றம் உருவானதிலும் ஃபென்விக்குக்குப் பெரும்பங்கு. தாதியர் பதிவுக்கு நியூசிலாந்து 1901இலேயே சட்டம் போட்டது. பிரிட்டன் அசைய 1919 ஆனது. அந்தப் பதிவேட்டின் முதல் எண் ஃபென்விக்குக்குத்தான். இந்தியாவில் 1908இல் பயிற்சி பெற்ற தாதியர் சங்கம் பிறந்தது. சென்னை மாகாணச் சட்டம் 1926இல் வந்தது.

மலாயா 1950 வரை காத்திருந்தது. அதற்குள் எத்தனை கைகள் இங்கே நோயாளிகளைத் தூக்கி நிறுத்தியிருக்கும்! 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய நம் போர்ட் கிள்ளானை, சில வாரங்களிலேயே மலேரியா முடக்கியது. சதுப்பை வடித்துக் கொசுவை ஒழித்த டாக்டர் மால்கம் வாட்சனை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. காய்ச்சல்காரர்களின் நெற்றியில் ஈரத்துணி போட்டவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பெயர் நிலைத்த ஒருவர் சிபில் கார்த்திகேசு. இலங்கைத் தமிழ் மருத்துவரை மணந்த யுரேசியத் தாதி. ஜப்பானியர் காலத்தில் பேராக், பாப்பானில் கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருந்திட்டார். 1943இல் பிடிபட்டு, சித்திரவதையிலும் வாய் திறக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948இல் மறைந்தார், பதிவுச் சட்டம் வர இன்னும் இரண்டாண்டு இருந்தது.

இன்று மலேசியாவில் தொழில்தரத்துக்குத் தாதியர் சங்கம், சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் மலாயா தாதியர் தொழிற்சங்கம் என்று இரண்டு உண்டு. 2024 இறுதியில் புதிய சம்பளத் திட்டம் வந்தபோது, வார்டுத் தாதியரின் வார வேலை 42 மணியிலிருந்து 45 ஆகும் என்றார்கள். தொழிற்சங்கம் எதிர்த்தது, அமலாக்கம் தள்ளிப்போனது. மூன்று மணிதானே என்று வெளியில் இருப்பவர் சொல்லலாம். இரவு முழுக்க நின்றுவிட்டு, காலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்கும் மிஸியிடம் அதைச் சொல்ல முடியுமா?