செகண்ட் ஹேண்ட் காயில்ஓவர் வாங்கலாமா? பணம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

காரைக் கொஞ்சம் கீழே இறக்கணும், வளைவில் வண்டி சாயாமல் போகணும் என்ற ஆசை கார் பிரியர்கள் பலருக்கும் உண்டு. அதற்காக அவர்கள் தேடுவது ‘காயில்ஓவர்’ எனப்படும் அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன். டைன், பில்ஸ்டைன், கேடபிள்யூ போன்ற பிராண்டுகளின் புதிய செட் விலையைக் கேட்டால் பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான், ‘செகண்ட் ஹேண்ட் செட், சூப்பர் கண்டிஷன், கொஞ்ச நாள்தான் ஓடுச்சு’ என்ற விளம்பரம் கண்ணில் படும்.

பழைய மியூசிக் சிஸ்டம் வாங்கி ஏமாந்தால் பணம்தான் போகும். ஆனால் சஸ்பென்ஷன் என்பது சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைத்திருக்கும் பாகம். பிரேக் பிடிக்கும்போதும் திடீரென ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதும் உயிரைக் காப்பது அதுதான். எனவே என்ன பார்த்து வாங்க வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

காயில்ஓவர்னா என்ன?

ஷாக் அப்சார்பரைச் சுற்றி காயில் ஸ்பிரிங் அமைந்த ஒரே யூனிட்தான் காயில்ஓவர். கம்பெனி ஃபிட்டிங்கில் வரும் முன்பக்க ஸ்ட்ரட்டும் ஏறக்குறைய இதே அமைப்புதான். வித்தியாசம், காயில்ஓவரின் உடலில் போல்ட்டில் இருப்பதுபோல மரை வெட்டியிருப்பார்கள். அதில் உள்ள வளையத்தைத் திருகினால் காரின் உயரம் ஏறும், இறங்கும். பல செட்களில், ஷாக்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழும் இருக்கும்.

இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தில் இறங்கிய பிறகு ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது உள்ளே எண்ணெய் நிரம்பிய டேம்பர். பழைய செட்டில் ஸ்பிரிங் அவ்வளவு சீக்கிரம் கெடாது. தேய்வது டேம்பர்தான். வெளியில் பெயின்ட் பளபளவென இருந்தாலும் உள்ளே சீல் போயிருந்தால் அந்த செட் வெறும் இரும்புதான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பை மாற்றும் விதத்தில் வாகனத்தைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 2019-ல் திருத்தப்பட்ட பிரிவு 182ஏ-ன்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

தேய்ந்த ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு அதே வகையில் புதிது போடுவது சாதாரணப் பழுதுபார்ப்பு. காரின் உயரத்தையே மாற்றுவது வேறு விஷயம். அதனால் சாலையில் ஓட்டும் கார் என்றால், வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபெறுவது நல்லது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் கேட்கும்போது பிரச்சினையாக வந்து நிற்கும். இருங்காட்டுக்கோட்டை, கோவை போன்ற இடங்களில் உள்ள ரேஸ் டிராக்குகளில் மட்டும் ஓட்டும் கார்களுக்குத்தான் இந்தச் சிக்கல் குறைவு.

‘ஸ்விஃப்ட் செட்’ என்றால் எந்த ஸ்விஃப்ட்?

அடுத்த கேள்வி, அது உங்கள் காருக்குச் சேருமா என்பது. உதாரணத்துக்கு, ‘ஸ்விஃப்ட் காயில்ஓவர்’ என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. இந்தியாவில் 2005, 2011, 2018, 2024 என நான்கு தலைமுறை ஸ்விஃப்ட்கள் வந்துள்ளன. இங்கே விற்காத ‘ஸ்விஃப்ட் ஸ்போர்ட்’ காருக்காக வெளிநாட்டில் தயாரான செட்களும் கைமாறி வரும். செட்டில் ஒட்டியுள்ள பார்ட் நம்பரைக் கேட்டு, அது எந்த மாடல், எந்த ஆண்டு காருக்கானது என்று தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். ‘போல்ட் ஓட்டையைக் கொஞ்சம் அரத்தால ராவினா உட்காந்துடும்’ என்று யாராவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

உருப்படிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட், போலோ போன்ற கார்களின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கும். எனவே முன்பக்கம் இரண்டு யூனிட், பின்பக்கம் இரண்டு ஷாக், இரண்டு ஸ்பிரிங், உயரம் மாற்றும் இரண்டு அட்ஜஸ்டர் என எல்லாம் இருக்கிறதா எனப் பார்க்கவும். வளையத்தைத் திருகும் சி-ஸ்பேனரையும் மறக்காமல் கேட்டு வாங்கவும்.

நேரில் செய்ய வேண்டிய 7 சோதனைகள்

1. எண்ணெய் கசிவு: ஷாஃப்ட் உள்ளே போகும் இடத்தில் சீல் இருக்கும். ரப்பர் உறையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஈரமாக, தூசி அப்பிப்போய் இருந்தால் சீல் போயாச்சு. அப்போதுதான் துடைத்து வைத்ததுபோல இருந்தாலும் சந்தேகப்படலாம்.

2. ஷாஃப்ட்: பளபளப்பான கம்பியின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால், புது சீல் போட்டாலும் அது கிழிந்துவிடும்.

3. வளையம் சுற்றுகிறதா: மழைநீரும் சேறும் சேர்ந்து மரையைப் பிடித்துவைத்திருக்கும். சி-ஸ்பேனர் போட்டும் அசையவில்லை என்றால், ‘அட்ஜஸ்டபிள்’ என்ற பெயருக்கே அர்த்தம் இல்லை.

4. குமிழ்: முழுவதும் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் திருப்பவும். ஒவ்வொரு நிலையிலும் ‘டிக்’ என்று உணர வேண்டும். சும்மா சுற்றினால் உள்ளே உடைந்திருக்கிறது.

5. இடது, வலது ஒப்பீடு: இதுதான் முக்கியமான சோதனை. வளையத்தை இறக்கி ஸ்பிரிங் முழுவதும் தளர்ந்த பிறகு, விவரம் தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். இரண்டு ஷாக்கையும் ஒரே நிலையில் வைத்துக் கையால் அழுத்தினால், இரண்டிலும் ஒரே மாதிரியான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் எங்காவது ‘பொசுக்’கென இறங்கினால் உள்ளே எண்ணெயோ கேஸோ குறைந்திருக்கிறது.

6. ஸ்பிரிங் எண்: ஸ்பிரிங் மேல் நீளம், விட்டம், கடினம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். 8 என்றால், 1 மி.மீ. அமுங்க 8 கிலோ எடை தேவை என்று பொருள். இடது, வலது எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். டிராக்குக்கான கடினமான ஸ்பிரிங்கை நம்ம ஊர் ரோட்டில் போட்டால் முதுகுதான் பதில் சொல்லும்.

7. பிராக்கெட்கள்: பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், லிங்க் ராடு மாட்டும் தாங்கிகள் உடையாமல் இருக்கின்றனவா? வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா? போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

மலிவு உண்மையிலேயே மலிவுதானா?

விற்பவர் சொல்லும் விலை பாதிக் கணக்குதான். சில செட்களைத் திறந்து எண்ணெய், சீல் மாற்றி, நைட்ரஜன் நிரப்பிப் புதுப்பிக்கலாம். சில செட்கள் சீல் செய்யப்பட்டவை, திறக்கவே முடியாது. கெட்டால் புதிது வாங்க வேண்டியதுதான். கேஸ் அடைத்த ஷாக்கைப் பட்டறையில் அறுக்கவோ சூடுபடுத்தவோ கூடாது, வெடிக்கும் ஆபத்து உண்டு.

எனவே செட் விலையோடு புதுப்பிக்கும் செலவு, டாப் மவுன்ட், பம்ப் ஸ்டாப், புது நட்-போல்ட், ஃபிட்டிங் கூலி, வீல் அலைன்மென்ட் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை புதிய செட்டின் விலையை நெருங்கினால், வாரன்டியோடு வரும் புதியதே லாபம்.

பொருத்தும்போது எங்கே தவறு நடக்கிறது?

முதல் தவறு, காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி வேலை பார்ப்பது. ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். இரண்டாவது, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் டாப் நட்டைக் கழற்றுவது. சில செட்களுக்குப் பழைய ஸ்ட்ரட்டின் டாப் மவுன்ட்டை எடுத்துப் போட வேண்டியிருக்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் அதைத் தொட்டால் ஸ்பிரிங் தெறித்து உயிரே போகலாம்.

மூன்றாவது, அளவுக்கு மீறிய ஆசை. இங்குள்ள பல சின்ன கார்களின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 160 முதல் 170 மி.மீ. அதில் 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 120-130 மி.மீ.தான். இந்தியச் சாலை விதிமுறைப்படி வேகத்தடையின் உயரமே 100 மி.மீ. நான்கு பேர் ஏறினால் வண்டி இன்னும் அமுங்கும். தெருவுக்குத் தெரு அளவில்லாமல் போட்டிருக்கும் வேகத்தடைகளைச் சொல்லவே வேண்டாம். அதேபோல உயரத்தை அதிகம் ஏற்றினாலும் ஆபத்து. அடிப்பகுதியைத் திருகி உயரம் மாற்றும் வகைகளில், போதுமான மரை உள்ளே இல்லையென்றால் யூனிட் கழன்றுவிடும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அளவை மீறக் கூடாது.

பொருத்திய பின் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதுமாக ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா எனப் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில், டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இருபுறமும் அளந்து சமப்படுத்திவிட்டு வீல் அலைன்மென்ட் செய்யவும். இதைத் தவிர்த்தால் டயரின் உள்பக்கம் சீக்கிரமே மொட்டையாகிவிடும். முன்பக்கம் இறங்கியதால் ஹெட்லைட் குறியும் மாறியிருக்கும், அதையும் சரிசெய்ய வேண்டும். சில நாட்கள் ஓடி ஸ்பிரிங் படிந்ததும் உயரம், போல்ட், அலைன்மென்ட் மூன்றையும் மறுபடி சோதிக்கவும். ‘கட கட’ என்ற சத்தம் புதிதாக வந்தால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று விடாமல் அன்றே காட்ட வேண்டும்.

யார் வாங்கலாம், யார் தவிர்க்கலாம்?

டிராக்கில் ஓட்டுபவர், பார்ட் நம்பர் பொருந்துகிறது, கழற்றிச் சோதிக்க விற்பவர் சம்மதிக்கிறார், புதுப்பிக்க உதிரிபாகம் கிடைக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். கழற்றிய கம்பெனி ஷாக்குகளை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது. காரை விற்கும்போதும், சட்டச் சிக்கல் வந்தாலும் அவைதான் கைகொடுக்கும்.

குடும்பத்தோடு தினமும் ஓட்டும் காரில் ஆட்டம் அதிகமாக இருக்கிறது என்பதுதான் பிரச்சினையா? அதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்துபோன பழைய ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும்தான். கம்பெனி வகையிலேயே புதிது மாற்றினால் வண்டி பழையபடி தரையைப் பிடித்து ஓடும். ‘கழற்றியெல்லாம் காட்ட முடியாது, நம்பி வாங்கிட்டுப் போங்க’ என்று சொல்லும் செட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது.