சவ்வு கிழியாமல் எலும்பு வளர்ப்பது

மேல்தாடைக் கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்னத்து எலும்புக்கு உட்புறம், வலமும் இடமும் ஒவ்வொரு காற்றறை இருக்கிறது. மேல்தாடை சைனஸ் என்பது இதுதான். பேச்சு வழக்கில் 'எனக்கு சைனஸ் இருக்கு' என்று நோயைச் சொல்கிறோம். உண்மையில் சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. முகத்திலுள்ள இத்தகைய அறைகளில் இதுவே பெரியது. வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் கொள்ளும், அதாவது இருமல் மருந்துப் புட்டியின் அளவுமூடி நிறையும் அளவு. ஆங்கில மருத்துவர் நதானியேல் ஹைமோர் 1651இல் இதை விரிவாக எழுதியதால், பழைய உடற்கூறு நூல்களில் இந்த அறை அவர் பெயரால் வழங்குகிறது. அறையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு, 17ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் கொன்ராட் விக்டர் ஷ்னைடரின் பெயரைத் தாங்கியது. நோயில்லாத நிலையில் அதன் தடிமன் பெரும்பாலும் 1 மில்லிமீட்டரைச் சுற்றியோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, சளியை மேலே உள்ள சிறு துவாரம் வழியாக மூக்குக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் எலும்பு இரண்டு பக்கமும் கரையத் தொடங்குகிறது. கீழே ஈறுப் பக்கம் மேடு தாழ்கிறது. மேலே சைனஸ் அறை தன் தரையைக் கீழ்நோக்கி விரித்துக்கொள்கிறது. மெல்லும்போது பல்வேர் எலும்புக்குக் கொடுத்துவந்த அழுத்தம் நின்றுவிடுவதுதான் இந்தக் கரைவுக்கு முக்கியக் காரணம். பல ஆண்டுகள் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், சிலருக்கு ஈறுக்கும் காற்றறைக்கும் நடுவே 2 அல்லது 3 மில்லிமீட்டர் எலும்புதான் மிஞ்சியிருக்கும். பிடுங்கிய பல்லுக்குப் பதிலாக எலும்பில் ஊன்றும் டைட்டானியம் திருகுதான் இம்ப்ளான்ட். டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் என்பதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் கண்டறிந்து, 1965இல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் பொருத்தினார். அந்தத் திருகு ஊன்றி நிற்க 8, 10 மில்லிமீட்டர் எலும்பு வேண்டும். மிஞ்சியிருக்கும் 3 மில்லிமீட்டரில் அதை ஊன்ற முடியாது.

சைனஸ் தரையை உயர்த்தி அங்கே எலும்பு வளர்க்கலாம் என்ற 'சைனஸ் லிஃப்ட்' வழியை 1970களில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹில்ட் டேட்டம் செய்து காட்டினார். அச்சில் முதலில் வந்தது 1980இல், பிலிப் பாய்னும் ராபர்ட் ஜேம்ஸும் எழுதிய கட்டுரை. 1994இல் ராபர்ட் சம்மர்ஸ், பக்கச் சுவரைத் திறக்காமல், இம்ப்ளான்ட் வைக்கப்போகும் குழி வழியாகவே சிறு உளியால் மெல்லத் தட்டி தரையை உயர்த்தும் எளிய முறையைச் சொன்னார். மிஞ்சிய எலும்பு 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இந்த உளி முறை போதும் என்பது பொதுவான கணக்கு. அதற்குக் குறைந்தால் பக்கவாட்டு ஜன்னல் முறைதான்.

ஜன்னல் முறையில் கன்னப் பக்கத்து ஈறைக் கீறி விலக்குவார்கள். தெரியும் எலும்புச் சுவரில் நீள்வட்டமாக ஒரு ஜன்னல் வெட்டப்படும். எலும்பு போக வேண்டும், அதை ஒட்டியே தொடங்கும் சவ்வு கிழியாமல் இருக்க வேண்டும். பிறகு வளைந்த சிறு கரண்டி போன்ற கருவிகளைச் சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவே நுழைத்து, சவ்வை ஒரு கூடாரம்போல மேலே தூக்குவார்கள். கீழே உண்டான வெற்றிடத்தில் எலும்புத் தூள் நிரப்பி, ஈறைத் தைத்துவிடுவார்கள். அந்தத் தூள் நோயாளியின் சொந்த எலும்பாகவோ, மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்தியதாகவோ, ஆலையில் செய்த கால்சியம் பாஸ்பேட்டாகவோ இருக்கலாம். மாட்டெலும்பு என்றால் அதை முன்கூட்டியே சொல்லி நோயாளியின் சம்மதம் வாங்குவது, நம் நாட்டில் விட்டுவிடவே கூடாத ஒன்று. ஆறு முதல் ஒன்பது மாதங்களில் தூள் இருந்த இடத்தில் உயிருள்ள எலும்பு உருவாகிவிடும்.

சொல்லும்போது எளிதாகத் தெரியும் இந்த வேலையில், சவ்வு கிழிவதுதான் அடிக்கடி நேரும் பிழை. வெளிவந்த ஆய்வுகளின் சராசரி, ஏறத்தாழ ஐந்து அறுவைகளில் ஒன்று. கிழிந்த வழியே தூள் அறைக்குள் சிதறினால் சளியின் பாதை அடைபடும், சீழ் வைக்கும், மாதக்கணக்கில் செய்த வேலை வீணாகும். எவ்வளவு அழுத்தினால் எலும்பு தேயும், எவ்வளவு அழுத்தினால் சவ்வு போகும் என்ற வித்தியாசத்தைப் புத்தகம் சொல்ல முடியாது. அதை விரல் நுனி தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இதற்கான பயிற்சி வகுப்புகளில் பல் மருத்துவர்கள் முதலில் உட்காருவது ஒரு கோழிமுட்டையின் முன்னால்.

அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிவரும் மெல்லிய தோலை எல்லோரும் பார்த்திருப்போம். பயிற்சிக்கு எடுப்பது பச்சை முட்டை. அதை மெழுகிலோ பிளாஸ்டரிலோ பாதி புதைத்து அசையாமல் நிறுத்தி, ஓட்டின்மேல் பென்சிலால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீள்வட்டம் வரைவார்கள். டிரில் முனையில் மாட்டுவது 'பர்' எனும் சுழலும் வெட்டுமுனை, அதிலும் வைரத்தூள் பூசிய உருண்டை வகை. பற்கள்போல் வெட்டுகள் உள்ள எஃகு பர் இங்கே உதவாது. அது கொக்கிபோல் மாட்டி இழுத்துவிடும். உப்புநீர் சொட்டச் சொட்ட, தூரிகையால் வண்ணம் தீட்டுவதுபோல் கோட்டின்மேல் பர் போய்ப்போய் வர வேண்டும். வெள்ளை ஓடு மெல்ல மங்கி, ஒரு கட்டத்தில் சாம்பல் நிறம் தட்டும். அங்கே கை நிற்க வேண்டும். ஓட்டுத் துண்டை நெம்பி எடுத்தால் உள்ளே ஈரமாக மின்னும் தோல் முழுசாக இருக்கும், அல்லது வெள்ளைக்கரு வழியத் தொடங்கும். வேறு யாரும் மதிப்பெண் போடத் தேவையில்லை. முட்டை ஓட்டின் தடிமன் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், அதன் தோல் 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை, மனித சைனஸ் சவ்வைவிட மெல்லியது. முட்டையில் கை பழகியவர், நோயாளியின் எலும்பு தேய்ந்து நீலச்சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும்போது அதை உடனே அடையாளம் கண்டுகொள்வார். வேறு பயிற்சிகளுக்கு வாங்கும் கருவிகளின் விலையை நினைத்தால், சில ரூபாய் முட்டை இவ்வளவு கற்றுக்கொடுப்பது பெரிய விஷயம்.

முட்டைக்கு அடுத்தது ஆட்டுத் தலை. கறிக்கடையில் காலையில் வாங்கிய தலையை ஐஸில் வைத்து அன்றே பயன்படுத்துவார்கள். கடைவாய்ப் பற்களுக்கு மேலே சதையைக் கீறி விலக்கினால் மனிதனுக்கு உள்ளதைப்போன்ற ஒரு சைனஸ் சுவர் வரும். சவ்வும் கிட்டத்தட்ட அதே இயல்பு. ஈறு, எலும்பு, சவ்வு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து, தூள் நிரப்பி, தையல் போடும் வரை முழு வேலையையும் இதில் செய்து பார்க்கலாம். இல்லாதவை இரண்டு: ரத்தமும் மூச்சும். உயிருள்ள நோயாளியின் சைனஸ் சுவருக்குள் ஒரு சிறு ரத்தக்குழாய் ஓடுகிறது. ஜன்னல் வெட்டும் இடத்திலேயே அது குறுக்கிடலாம். மூச்சோடு சவ்வும் லேசாக ஏறி இறங்கும். அந்த அசைவைப் பார்த்தே அது கிழியாமல் இருக்கிறதா என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். ஆட்டுத் தலை இவை இரண்டையும் காட்டாது.

உடல்தானமாக வந்த மனித உடல்களில் பயிலும்போது உண்மையான அமைப்பு கிடைக்கிறது. சைனஸ் அறைக்குள் சிலருக்கு எலும்புத் தடுப்புகள் இருக்கும். 1910இல் ஆர்தர் அண்டர்வுட் விவரித்த இந்தத் தடுப்புகளில் சவ்வு சுற்றி ஒட்டியிருப்பதால், அங்கே கருவியைச் செலுத்துவது மேட்டில் ஒட்டிய காகிதத்தை உரிப்பதுபோல. இதை ஆடும் முட்டையும் சொல்லித்தராது. ஆனால் ஃபார்மலினில் பதப்படுத்திய உடலில் சவ்வு தோல்போல விறைத்துவிடும். அதில் பழகிய கை உயிருள்ள சவ்வை முரட்டுத்தனமாகக் கையாளும் அபாயம் உண்டு. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் தீல் 1992இல் வெளியிட்ட பதப்படுத்தும் முறையில் திசுக்கள் நெகிழ்வாகவே இருக்கின்றன. நோயாளியின் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனை வைத்தே முப்பரிமாண அச்சில் தாடை செய்து, உள்ளே சிலிக்கோன் சவ்வு ஒட்டிப் பயில்வதும் இப்போது வந்துவிட்டது. நாளை அறுவை செய்யப்போகும் அதே அறையை இன்றே ஒருமுறை திறந்து பார்ப்பதற்குச் சமம் அது.

நல்ல பயிற்சி என்பது கிழியாமல் செய்யக் கற்றுக்கொடுப்பதோடு நிற்காது. வேண்டுமென்றே கிழித்து, அதைச் சரிசெய்யவும் கற்றுத்தர வேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கிழிசல், சவ்வை இன்னும் சற்றுத் தளர்த்தினால் தானே மடிந்து மூடிக்கொள்ளும். அல்லது கரையும் கொலாஜன் துண்டு ஒன்றை மேலே வைத்தால் போதும். நோயாளியின் ரத்தத்தையே சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் படலத்தையும் சிலர் ஒட்டுப்போடப் பயன்படுத்துகிறார்கள். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் தைத்து மூடிவிட்டு, சில மாதங்கள் காத்திருந்து மறுபடி செய்வதே நல்லது. பாதியில் நிறுத்தும் முடிவை எடுக்கும் துணிவு, பயிற்சி மேசையில் ஒருமுறையாவது நிறுத்திப் பார்த்தவருக்குத்தான் வரும்.

தமிழகத்தில் அரசு பல் மருத்துவக் கல்வி 1953இல் சென்னையில் தொடங்கியது. இன்று அரசும் தனியாரும் நடத்தும் கல்லூரிகளில் ஐந்தாண்டு பி.டி.எஸ். படித்துப் பல் மருத்துவராகலாம். அதன்மேல் மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்பு ஒன்பது பிரிவுகளாக இருக்கிறது. இம்ப்ளான்ட் அவற்றில் தனிப்பிரிவு அல்ல. ஈறு நோயியல், செயற்கைப்பல், முகத்தாடை அறுவை என்ற மூன்று பிரிவினரே இதைப் படிப்பின் ஒரு பகுதியாகக் கற்கிறார்கள். மற்றவர்கள் கற்பது பெரும்பாலும் வார இறுதிப் பயிலரங்குகளில். சனி காலை விரிவுரை, மதியம் முட்டை, ஞாயிறு ஆட்டுத் தலை, மாலை சான்றிதழ் என்று முடியும் பயிலரங்கு, அந்தக் கை நோயாளியிடம் போகத் தயார் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. முதலில் மூத்தவருக்கு உதவியாக நிற்பது, பிறகு ஜன்னல் மட்டும் வெட்டுவது, பிறகு அவர் பக்கத்தில் நிற்க முழு அறுவையையும் செய்வது, முதல் சில நோயாளிகளைத் தடுப்பு இல்லாத எளிய சைனஸ் உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்ற படிகளில் எதையும் விட்டுவிடக் கூடாது.

பயிற்சியில் குறைவாகவே பேசப்படும் ஒன்று, அறுவைக்குப் பிந்தைய நாட்கள். சைனஸ் என்பது காற்றறை. காற்றழுத்தம் அதைத் தொடாமல் விடாது. மூக்கைச் சிந்தாதே, வாயைத் திறந்து தும்மு, உறிஞ்சுகுழலில் குடிக்காதே, இரண்டு வாரமாவது விமானம் ஏறாதே என்று நோயாளிகளுக்குச் சொல்வது இதனால்தான். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாகப் பராமரிக்கப்படுகிறது. ஊட்டியின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே, சுமார் 2,240 மீட்டர். எனவே விமானத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை மலைப்பயணத்துக்கும் பொருந்தும்.

ஊட்டியிலிருந்து பைக்காரா வழியாகக் கூடலூர் போகும் சாலையில் உள்ள நடுவட்டம் என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் பல் மருத்துவக் கல்லூரி இல்லை. இத்தகைய சிகிச்சைக்கு நடுவட்டத்துக்காரர் ஒருவர் கோவை, கோழிக்கோடு, மைசூரு என எந்த ஊருக்குப் போனாலும் மலையிறங்கியே ஆகவேண்டும். வீடு திரும்ப ஏறியாக வேண்டும். கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அடைபட்ட காற்று ஊட்டியைத் தொடும்போது ஏறத்தாழ கால் பங்கு விரிந்திருக்கும். மலையேறும் பஸ்ஸில் காது அடைப்பது இதே விரிவால்தான். வழக்கமாக அந்தக் கூடுதல் காற்று சைனஸின் சிறு துவாரம் வழியாக மூக்குக்கு வெளியேறிவிடும். அறுவை முடிந்த சில நாட்கள் அந்தத் துவாரம் வீங்கி அடைத்திருக்கலாம். அப்போது புதிதாகத் தூக்கிவைத்த சவ்வின்மீது அழுத்தம் விழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று நேராக அறையும் நடுவட்டம் பக்கத்து மலையில் ஜூன் முதல் சளியும் மூக்கடைப்பும் சாதாரணம். சளி இருக்கும்போது சைனஸ் லிஃப்ட் செய்வதில்லை என்பது முதல் விதிகளில் ஒன்று. அதனால் மலைவாசிகளுக்கு இந்த அறுவையை மழை ஓய்ந்த மாதங்களில் வைத்துக்கொள்வதும், வீக்கம் வடியும் வரை கீழேயே உறவினர் வீட்டில் தங்கச் சொல்வதும் நியாயமான ஏற்பாடு.

சமவெளிக் கிளினிக்கில் தரும் அறிவுரைச் சீட்டில் விமானம் என்றுதான் அச்சடித்திருக்கும். கொண்டை ஊசி வளைவு என்று இருக்காது. எனவே சைனஸ் லிஃப்டுக்குத் தேதி வாங்கும் மலைவாசி, தன் ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்த வழியாகத் திரும்பப் போகிறார் என்பதை டாக்டரிடம் தாமாகவே சொல்லிவிட வேண்டும். இந்த அறுவையை டாக்டர் யாரிடம், எத்தனை முறை செய்து பழகினார் என்றும் தயங்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.