கடமான் காட்டுக்குப் பையில் என்ன வைப்பது?

சென்னை மேனாம்பேட்டிலிருந்து நீலகிரிக்கு வழிகாட்டியோடு காட்டு நடை போகப் பெயர் கொடுத்துவிட்டீர்களா? இனி பை கட்ட வேண்டும்.

வேட்டைக்கா? இல்லை, பார்க்க மட்டும்தான். வெள்ளைக்காரத் துரைமார் 'எல்க்' என்று சொல்லிச் சுட்டுத் தள்ளிய கடமானை (மிளா) இன்று சுட்டால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கம்பி எண்ண வேண்டியதுதான். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் அவலாஞ்சி, பார்சன்ஸ் வேலி பக்கம் நடக்கலாம். சோலையும் புல்வெளியும் கலந்த, கடமான் நடமாடும் இடங்கள்.

மார்கழி ஸ்வெட்டர் போதாதா? போதாது. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்மேல் உறைபனி படியும். ஆனால் ஏற்றத்தில் கொஞ்சம் நடந்தாலே வியர்த்துக் கொட்டும். அதனால் தடியாக ஒன்று வேண்டாம், மெல்லியதாக மூன்று: உள்ளே விளையாட்டு ஜெர்சி, நடுவில் கம்பளி, மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். பருத்தி பனியனை வீட்டிலேயே விடுங்கள். சென்னை வெயிலுக்கு அதுபோல் உண்டா? ஆனால் மலையில் வியர்வையில் நனைந்தால் காயாது. நின்றதும் முதுகு சில்லிட்டுப் போகும்.

ஜீன்ஸ்? அதுவும் நனைந்தால் காயாத பருத்திதான். போதாக்குறைக்கு நீலம். மான் கண்ணில் கூம்பணுக்கள் (நிறம் பிரிக்கும் அணுக்கள்) இரண்டே வகை, நமக்கு மூன்று. சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கல், நீலம் பளிச். அமெரிக்காவின் கொலராடோவில் துப்பாக்கியோடு எல்க் வேட்டைக்குப் போகிறவர் ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமலிருக்கப் பளீர் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு அணிய வேண்டும் என்பதே சட்டம். மான் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை! நீங்கள் காக்கியோ மங்கிய பச்சையோ போடுங்கள். வெளுத்த வெள்ளைச் சட்டை வேண்டாம். சென்ட் வேண்டவே வேண்டாம். கடமானுக்கு மூக்கு கூர்மை.

தொழிற்பேட்டைக் கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூ ஆகுமா? ஆகாது. முனையில் இரும்புத் தகடு. இறக்கத்தில் கால்விரல் அதில் போய் இடிக்கும். பிடிமானமுள்ள, பழகிய ஷூ போதும். புது ஷூ வாங்கினால், கிளம்புமுன் சில நாள் அம்பத்தூர் ஸ்டேஷன் வரை போட்டு நடந்து பழக்குங்கள்.

மழைக்குக் குடை? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்காற்றில் குடை நிற்காது. பேன்ட் தனியாக, சட்டை தனியாக வரும் ரெயின்கோட் எடுங்கள். மழைக்காலத்தில் அட்டைப்பூச்சியும் ஏறும். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுக் காலுறையை பேன்ட்டுக்கு மேல் இழுத்துக் கட்டுங்கள்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை. சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். சொந்தக் காரில் போனால் இ-பாஸ் (இணைய அனுமதிச்சீட்டு) கட்டாயம், அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை.