பதில் இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை

மன்னார், மடு இரண்டு வலயங்களிலும் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற எங்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறை வரைக்கும் ஆட்கள். உயர்தரப் பரீட்சை நெருங்கினால் ஒரே கேள்வி அதில் வருடாவருடம் முளைக்கும்: பிள்ளை பைத்தன் நிரலை உள்தள்ளாமல் எழுதினால் எத்தனை புள்ளி குறைப்பது? முன்பொருமுறை அனுபவமுள்ள ஒரு ரீச்சர் குரல்பதிவிலே அழகாக விளக்கினார். அதற்கு மேல் பொங்கல் வாழ்த்துகளும் இடமாற்றக் கதைகளும் ஏறிவிட்டன. குரல்பதிவுக்குள் சொல் போட்டுத் தேடவும் முடியாது.

இந்த வேலைக்கு மின்னஞ்சல் குழுமந்தான் சரி என்று நான் சொல்வேன். இளம் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். "சேர், இமெயில் ஆர் இப்ப பாக்கிறது?"

குழுமம் என்பது சிக்கலான சங்கதி இல்லை. ஒரு பொது முகவரிக்குக் கடிதம் போட்டால் சேர்ந்திருக்கிற எல்லோருக்கும் பிரதி போய்விடும், பதிலும் அப்படியே. பாரிசில் மாணவராக இருந்த எரிக் தோமஸ் 1986இல் எழுதிய லிஸ்ட்சேர்வ் என்ற மென்பொருள் இதைத் தானாக நடக்க வைத்தது. தமிழ்க் கணிமையே இப்படித்தான் வளர்ந்தது. தொண்ணூறுகளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறாக இருந்தபோது, தமிழ்.நெற் மடலாடற் குழுவில் பல நாடுகளிலிருந்து வாதாடி உருவாக்கியதுதான் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அப்படித்தான். சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் ஒருங்கிணைக்க, முகம் பார்க்காத தொண்டர்கள் பழைய இலக்கியங்களைத் தட்டச்சிட்டு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் எழுதுவார். உடனே பதில் வராததால் யோசித்து எழுத நேரமும் கிடைத்தது.

அப்படியானால் வட்ஸ்அப் ஏன் வென்றது? சோம்பல் என்று சொல்லிவிடுவது அநியாயம். இங்கே பலரிடம் இருப்பது கைப்பேசி மட்டும். சமூக ஊடகங்களுக்கென்று மலிவு விலையில் டேட்டா விற்கிறார்கள். மின்னஞ்சல் அந்தக் கணக்கில் வராது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது பயிற்சித்தாளைப் படம் பிடித்து அனுப்ப எங்களுக்குக் கைகொடுத்தது வட்ஸ்அப்பும் வைபரும்தான். "நாளைக்குக் கூட்டம் பத்து மணிக்கு" என்பதற்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது.

ஆனால் புதிதாக நியமனம் பெற்று முருங்கனுக்கு வருகிற ஆசிரியைக்கு, குழுவில் சேர்ந்தாலும் முந்திய வருடங்களின் பேச்சு கிடைக்காது. கிடைப்பது அவருடைய கைப்பேசி எண் எல்லோருக்கும் தெரியவருவதுதான். இரவு பதினொரு மணிக்கு அறிமுகமில்லாத ஒருவர் "ஹாய் மிஸ்" போடுவதை என்னிடம் முறையிட்டவர்கள் இருக்கிறார்கள். அதைச் சின்ன விசயமென்று தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

அரசாங்கம் கதவைச் சாத்தும் விசயமும் இருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது வட்ஸ்அப், வைபர், முகநூல் தடைப்பட்டன. 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏப்பிரல் கடைசி வரைக்கும் மீண்டும் தடை. 2022 ஏப்பிரல் 3ஆம் திகதி சில மணி நேரம். மூன்று தடவையும் மின்னஞ்சல் வேலை செய்தது.

இதனால் குழுமம் சாகாவரம் பெற்றது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏராளமான தமிழ்க் குழுமங்கள் யாகூவில் குடியிருந்தன. 2019 கடைசியில் யாகூ பழைய மடல்களைத் தளத்திலிருந்து நீக்கத் தொடங்கியது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. அப்போதும் தப்பியவை உண்டு: யாருடைய அஞ்சற்பெட்டிக்கு மடல்கள் நேரே வந்துகொண்டிருந்தனவோ அவர்களிடம் பிரதி இருந்தது. ஸ்லாக் போன்ற அலுவலக அரட்டைக் கருவிகளில் அந்த வசதி இல்லை. பேச்சைத் தலைப்புவாரியாகப் பிரிக்கலாம், தேடலாம்; ஆனால் ஸ்லாக்கில் காசு கட்டாதவர்களுக்கு 2022இலிருந்து கடைசித் தொண்ணூறு நாள் செய்திகள் மட்டுந்தான் கண்ணில் படும். எங்கள் ஆசிரியர் குழுவோ தேநீர்ச் செலவுக்கே தட்டேந்துகிறது.

ஆகவே வட்ஸ்அப், குழுமம் இரண்டையும் வைத்துக்கொண்டோம். அறிவித்தலும் அவசரமும் வட்ஸ்அப்பில். பாடம், வினாத்தாள், புள்ளியிடல் பற்றிய கேள்விகள் கூகுள் குழுமத்தில், என்ன விசயம் என்று தலைப்பு வரியில் தெளிவாக எழுதி. "உதவி தேவை" என்பது தலைப்பே இல்லை. குழுமத்துக்கென்று ஒரு பொது மின்னஞ்சல் கணக்கைத் திறந்து அதையும் உறுப்பினராக்கியிருக்கிறோம். தவணை முடிவில் அதிலுள்ள மடல்களை ஒரு கணினியில் இறக்கி வைக்கிறோம். வட்ஸ்அப்பில் நல்ல பதில் வந்தால், கேள்வி கேட்டவரே அதை நாலு வரியில் எழுதிக் குழுமத்தில் இட வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் பலர் மீறுகிறார்கள். பதில் கிடைத்தவருக்கு எழுதப் பஞ்சி. கிடைக்காதவரோ அடுத்த வருடம் திரும்ப வட்ஸ்அப்பில்தான் கேட்பார்.

போன தவணை பேசாலையிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் உள்தள்ளல் கேள்வியைக் குரல்பதிவாகவே அனுப்பினார். ஒருவரும் விளக்கப் போகவில்லை. அதற்கான பதில் இருந்த குழுமத்து மடலின் இணைப்பை ஒரு ரீச்சர் ஒட்டிவிட்டார், அதற்குக் கீழே "இனிக் கேக்கிறவை முதல்ல இதை வாசியுங்கோ" என்றும் எழுதியிருந்தார்.