சிக் சாக்லேட்

சிக் சாக்லேட் (1916–1967) பம்பாயில் புகழ்பெற்றிருந்த ட்ரம்பெட் கலைஞர், நடன இசைக்குழுத் தலைவர், திரைப்பட இசையமைப்பாளர். இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். ஜாஸ் இசையையும், ரும்பா, சம்பா முதலிய இலத்தீன் அமெரிக்க நடன இசையையும் இந்தியத் திரைப்பாடலுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்.

பிறப்பும் இசைப் பின்புலமும்

கோவாவில் உள்ள அல்டோனா என்னும் ஊரில் பிறந்தார். கோவா 1961 வரை போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்தது. அங்கே தேவாலயத்தை ஒட்டிய பள்ளிகளில் சிறுவர்களுக்கு ஐரோப்பிய இசையை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இப்படிப் பயின்ற பலர் பிழைப்புத் தேடி பம்பாய்க்குச் சென்று, ஓட்டல்களிலும் பின்னர் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வாசித்தார்கள். சிக் சாக்லேட்டும் அந்த வழியில் வந்தவரே.

இசைக்குழு

1940களில் இவருடைய குழு பம்பாய் தாஜ் மகால் ஓட்டலில் நடனத்திற்கு வாசித்தது. அமெரிக்க ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் போலவே வாசிப்பதும், கரகரத்த குரலில் பாடுவதும், கையில் வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பதும் இவர் வழக்கம். அதனால் ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்று அழைக்கப்பட்டார்.

நடன அரங்குக்கு ஜாஸ் மட்டும் போதாது. அக்காலத்தில் உலகெங்கும் இலத்தீன் நடனங்கள் பரவியிருந்தன. ட்ரினிடாடில் பிறந்து இலண்டனில் குழு நடத்திய எட்மண்டோ ராஸ் (1910–2011) அவற்றைப் பரப்பியவர்களில் ஒருவர். அவருடைய இசைத்தட்டுகள் இந்தியாவிலும் கேட்கப்பட்டன.

இலத்தீன் தாளம் எப்படி இயங்குகிறது?

கியூப நாட்டு நடன இசைக்கு அடிப்படை ‘கிளாவே’. இரண்டு கட்டைகளைத் தட்டி எழுப்பும் தாளக்கோலம் இது. மாணவர்கள் இதைக் கைதட்டியே அறியலாம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை இரண்டிரண்டாகப் பிரித்தால் 16 கிடைக்கும். சீராக 1 முதல் 16 வரை எண்ணிக்கொண்டு, 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் மட்டும் தட்டுங்கள். இடைவெளிகள் 3, 3, 4, 2, 4 என அமையும். தட்டு எதிர்பாராத இடத்தில் விழுவதால் உடல் தானாக அசைகிறது. இதன் மேல் போங்கோ, காங்கா ஆகிய கைமுரசுகளும், மணிகள் உள்ள மராக்கஸும் சேர்கின்றன.

திரையிசையில்

1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்திற்குப் பிறகு பம்பாயின் இரவு விடுதிகள் களையிழந்தன. இசைக்கலைஞர்களுக்குத் திரைப்படம் மேலும் முக்கியமான வருவாயாயிற்று. சிக் சாக்லேட் இசையமைப்பாளர் சி. ராம்சந்திராவுக்கும், பின்னர் மதன் மோகனுக்கும் உதவியாளராகப் பணியாற்றினார்.

‘சமாதி’ (1950) படத்தில் ‘கோரே கோரே’ என்று தொடங்கும் பாடல், ‘சிக்கோ சிக்கோ’ என்ற இலத்தீன் பாணிப் பாட்டைத் தழுவியது. ‘அல்பேலா’ (1951) படத்தில் போங்கோ தாளம் துள்ளும் பாடல்கள் நாடெங்கும் பரவின. அப்படத்தில் இவருடைய குழுவினர் இலத்தீன் பாணிச் சுருக்கம் வைத்த உடையுடன் திரையிலும் தோன்றினர். ‘நாதான்’ (1951) படத்திற்கு இவரே இசையமைத்தார்.

தமிழ்நாட்டுடன் தொடர்பு

‘அல்பேலா’ தமிழில் ‘நல்ல பிள்ளை’ என்ற பெயரில் மொழிமாற்றப்பட்டது. பத்மினி, வைஜயந்திமாலா நடனப் போட்டிக்காக இன்றும் பேசப்படும் ஜெமினியின் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்திற்கு இசையமைத்தவரும் இதே சி. ராம்சந்திராதான்.

பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு நடன இசைக்குழு புதிதல்ல. ஆனால் மற்றத் தமிழர்கள் போங்கோ ஒலியைப் பெரும்பாலும் திரைப்படம் வழியாகவே கேட்டார்கள். ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில் எம். எஸ். விஸ்வநாதன் குழுவினர் வாசிப்பதைக் காட்டும் ஒலிப்பதிவுக் காட்சியில் அந்தக் கருவிகளை நாம் பார்க்கவும் முடிகிறது.

பெயர் தெரியாத உழைப்பு

அக்காலத் திரையிசையில் மெட்டு ஒருவருடையது. அதற்கு முன்னிசை, இடையிசை எழுதி, ஒவ்வொரு கருவிக்கும் குறிப்புப் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் வேறொருவருடையது. இந்த இரண்டாமவருக்கு அன்றாடக் கூலி கிடைத்தது. இசைத்தட்டில் பெயர் கிடைக்கவில்லை. கோவாக் கலைஞர் பலரின் நிலை இதுவே. ஆகவே ஒரு பழைய பாடலில் எந்தப் பகுதி யாருடைய கற்பனை என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம். சிக் சாக்லேட்டுக்கு மேடைப்புகழ் இருந்ததால் அவர் பெயராவது நிலைத்தது.

1967இல் பம்பாயில் மறைந்தார். அவர் பங்கை அறிய விரும்புவோர் ‘அல்பேலா’ பாடல்களைக் கேட்கலாம். முதல்முறை பாடுபவரைக் கேளுங்கள். இரண்டாம்முறை குரல் ஓயும் இடங்களில் எழும் ட்ரம்பெட்டையும் போங்கோவையும் மட்டும் கவனியுங்கள்.