நடையின் உறுதி

நாஞ்சில் நாடு நெல்வயல்கள் சூழ்ந்தது. அங்கு ஒடுங்கிய வரப்பின்மீது அடிமுன் அடிவைத்து, சாயாது நடக்கும் உழவரைக் காணலாம். எளிதாகத் தோன்றும் இந்நடைக்கு உறுப்புகள் பலவும் ஒத்துழைத்தல் வேண்டும்.

கண் வழியைக் காட்டுகிறது. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் தலையின் அசைவை உணர்த்துகின்றன. பாதமும் மூட்டும் தசையும் உடலின் நிலையைத் தெரிவிக்கின்றன. இச்செய்திகளை மூளை ஒருங்கிணைத்து உடலை நிலைநிறுத்துகிறது. முதுமையில் இவை சிறிது சிறிதாகத் தளர்கின்றன. எனினும், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால் தளர்ச்சி எளிதில் புலப்படுவதில்லை. பகலில் நன்கு நடப்பவர் இருளில் தடுமாறுவது இதனாலேயே ஆகும்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் முதியோரே மிகுதி. விழுந்து பிழைத்தவரோ, மீண்டும் விழ நேருமோ என அஞ்சி நடையைக் குறைக்கின்றனர். நடை குறையக் குறையக் கால்கள் மேலும் வலிவிழக்கின்றன. ஆதலின், விழுமுன் தளர்ச்சியை அளந்தறிதல் இன்றியமையாதது.

1991ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒரு முறைக்கு நாற்காலியும் கடிகாரமும் போதும். முதியவர் நாற்காலியினின்று எழுந்து, 3 மீட்டர் இயல்பாக நடந்து, திரும்பி வந்து அமர்தல் வேண்டும். அதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆயின், அவர் விழக்கூடும் எனக் கொள்வர்.

மற்றொரு முறை நிற்றலை அளப்பது. முதலில் பாதங்களை இணைத்தும், அடுத்து ஒரு பாதத்தைச் சற்று முன்வைத்தும், பின்னர் ஒரு காலின் குதி மறுகாலின் விரலைத் தொடவும், இறுதியில் ஒற்றைக் காலிலும் நிற்கவேண்டும். ஒவ்வொன்றிற்கும் 10 நொடி. வரப்பு நடையை ஒத்த மூன்றாம் நிலையில் அவ்வளவு நேரம் நிற்க இயலாதவருக்கு இடர் மிகுதி. சோதிக்குங்கால் ஒருவர் அருகில் நின்று தாங்குதல் வேண்டும்.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டில் தொடங்கிய முதுமை பற்றிய பேராய்வு, 45 வயது நிரம்பியோரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவரும் அடங்கிய 72,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தது. முதியோரின் நடைவேகமும் நிலைத்து நிற்கும் ஆற்றலும் அதில் அளக்கப்பெற்றன.

தளர்ச்சி கண்டவர் மனம் தளர வேண்டுவதில்லை. கண்புரையை நீக்கலாம், மயக்கம் தரும் மருந்தை மருத்துவர் மாற்றலாம், தக்க பயிற்சியால் கால்கள் வலிவு பெறும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைப் பயிற்சியை இல்லத்திற்கே கொணர்ந்தது. கோல் ஊன்றுதல் இழிவன்று. விழாது காக்கும் அறிவுடைமையே ஆகும். முற்றத்தில் வழுக்கும் பாசியை அகற்றுதலும், இரவில் நடைவழியில் விளக்கேற்றுதலும் இல்லத்து இளையோர் கடன்.