2009 பன்றிக் காய்ச்சலும் மருத்துவமனைப் பணியாளர் தடுப்பூசியும்

2009 பன்றிக் காய்ச்சல் பரவலின்போது மருத்துவமனைப் பணியாளருக்கான தடுப்பூசித் திட்டம் என்பது, எச்1என்1 வகைத் தீநுண்மத்தால் உண்டான இன்ஃபுளுவென்சா உலகெங்கும் பரவிய வேளையில், மருத்துவர், செவிலியர் முதலியோருக்கு முன்னுரிமை அளித்துத் தடுப்பூசி இட மேற்கொள்ளப்பட்ட முயற்சியாகும். ஐக்கிய அமெரிக்காவில் இம்முன்னுரிமை பெற்றோரில் பெரும்பாலோர் அதனை இட்டுக்கொள்ளவில்லை.

பின்னணி

இன்ஃபுளுவென்சாத் தொற்றுக்கு உள்ளானவர், காய்ச்சல் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்னரே தீநுண்மத்தை வெளியிடத் தொடங்குகிறார். சிலருக்கு அறிகுறிகளே தோன்றுவதில்லை. எனவே நோயுற்ற பணியாளர் விடுப்பில் செல்வது மட்டும் போதாது; நலமாக உள்ளதாக எண்ணிப் பணிபுரியும் செவிலியரிடமிருந்தும் நோயாளிக்குத் தொற்றலாம். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி இடப்படுவதில்லை. அவர்களுக்கான காப்பு பெரிதும் அவர்களைச் சூழ்ந்துள்ளோரைப் பொறுத்தது.

பணியாளரும் இடருக்கு உட்பட்டவரே. 2002-2003 இல் பரவிய சார்சு நோயால் பாதிக்கப்பட்ட 8,096 பேரில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர் ஆவர். அந்நோய்க்குத் தடுப்பூசி இருக்கவில்லை.

தடுப்பூசியும் தயக்கமும்

உலக சுகாதார நிறுவனம் 2009 சூன் 11 அன்று இப்பரவலை உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. எல்லா நாடுகளும் மருத்துவப் பணியாளருக்கு முதலில் தடுப்பூசி இடவேண்டும் என அதன் வல்லுநர் குழு சூலையில் பரிந்துரைத்தது. ஐக்கிய அமெரிக்காவில் அக்டோபர் 5 அன்று, இந்தியானா, டென்னசி மாநிலங்களின் மருத்துவமனைப் பணியாளருக்கு மூக்கில் தெளிக்கும் வகை முதலில் வழங்கப்பட்டது.

2010 சனவரி நடுப்பகுதி வரை அந்நாட்டு மருத்துவப் பணியாளருள் 37.1 விழுக்காட்டினரே இதனைப் பெற்றதாக மதிப்பிடப்பட்டது. அதே காலத்தில் வழமையான பருவக் காய்ச்சல் தடுப்பூசி பெற்றவர்கள் 61.9 விழுக்காடு. இரண்டும் ஒரே முறையில் தயாரிக்கப்பட்டவை, தீநுண்ம வகை மட்டுமே வேறு என்பது குறிப்பிடத்தக்கது. முட்டையில் இத்தீநுண்மம் மெதுவாக வளர்ந்தமையால் வழங்கல் தாமதமானதும், இரண்டாம் அலை அக்டோபர் இறுதியிலேயே உச்சம் கண்டதும் இவ்வேறுபாட்டிற்கு ஓரளவு காரணமாகலாம்.

ஆயினும் அச்சமே பெரிதாகப் பேசப்பட்டது. 1976 இல் ஐக்கிய அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி இடப்பட்டபோது, ஏறத்தாழ இலட்சத்தில் ஒருவருக்குக் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டு, அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2009 தடுப்பூசியில் இவ்விடர் பத்து இலட்சத்தில் ஓரிருவர் என்ற அளவே எனப் பின்னர் அறியப்பட்டது. சார்சின் கடுமையை நேரில் கண்ட ஆங்காங்கில் கூட, 2009 மே மாத ஆய்வொன்றில் பாதிக்கும் சற்றுக் குறைவான பணியாளரே விருப்பம் தெரிவித்தனர். பக்கவிளைவு பற்றிய அச்சமே முதன்மைக் காரணமாயிற்று.

கட்டாயமாக்கல்

சியாட்டில் நகரின் வர்சீனியா மேசன் மருத்துவமனை 2005 இலேயே பருவக் காய்ச்சல் தடுப்பூசியைப் பணி நிபந்தனையாக்கியது. செவிலியர் சங்கம் வழக்காடி விலக்குப் பெற்றது. தடுப்பூசி பெறாத செவிலியர் முகமூடி அணிய வேண்டியதாயிற்று.

நியூயார்க் மாநிலம் 2009 ஆகத்தில் இருவகைத் தடுப்பூசியையும் கட்டாயமாக்கியது. நோயாளியின் பாதுகாப்பு என அரசும், தம் உடல் மீதான உரிமை என எதிர்ப்பாளரும் வாதிட்டனர். அக்டோபர் 16 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் அரசே ஆணையை நிறுத்திவைத்தது. போதிய தடுப்பூசி கையிருப்பில் இல்லை என்பது அது கூறிய காரணம். உரிமை பற்றிய வினா அவ்வழக்கில் தீர்க்கப்படாமலே நின்றது.

கோவிட்-19 பரவலின்போது இவ்வினா மீண்டும் எழுந்தது. நடுவண் அரசின் நிதியுதவி பெறும் மருத்துவமனைப் பணியாளருக்கான கட்டாயத் தடுப்பூசி விதியை 2022 சனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் நடைமுறைப்படுத்த அனுமதித்தது. அவ்விதி 2023 இல் நீக்கப்பட்டது.